அத்தைக்குரிய இடம்

தொங்கத்தாபு, கிழக்குக் கரை
ஜூன் மாதம், திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் மெலியமே அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் சதேக்கியின் மனைவி தெலேசியா பணிவுடன் எழுதுவது. இடையில் இத்தனை பெரிய கடல் கிடந்தும், இங்குள்ள வீட்டையும் அங்குள்ள வீட்டையும் இந்நாள்வரை கைவிடாத இறைவனுக்கு முதலில் நன்றி சொல்லி இதைத் தொடங்குகிறேன். ஆக்லாந்தில் குளிர் மிகுந்துவிட்டதென்று வானொலியில் கேட்டோம். தையற்கூடத்தில் நெடுநேரம் குனிந்திருக்கும் உங்களுக்குக் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தேங்காயெண்ணெயைப் பூ இட்டுக் காய்ச்சி வைத்திருக்கிறேன். இதைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு புட்டி கொடுத்திருக்கிறேன்.

கைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதற்கு இவ்வளவு தாளா என்று உங்கள் அண்ணன் மகள் கலோலைனே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வேதாகமத்தையும், முன்னிருந்த போதகரின் மனைவி கழித்துக்கட்டிய அகராதி ஒன்றையும் துணையாக வைத்துக்கொண்டு நானாகவே எழுதக் கற்றேன். ஒரு குடும்பத்தின் தலையாய செய்தி உரிய வணக்கத்தோடும் உரிய வரிசையோடும் தாளில் செல்வதே முறை என்பது என் கருத்து. அதை இனி மாற்றிக்கொள்வதாக இல்லை.

இவ்வாண்டு பெருவள்ளிக்கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. மழை மட்டும் காலந்தவறிப் பெய்து, பாய் முடைவதற்காகக் காயப்போட்ட தாழை ஓலையில் பாதியைக் கெடுத்துவிட்டது. பெண்கள் அனைவரும் என் வீட்டில் கூடி மீதியை முடைந்துகொண்டிருக்கிறோம். ஏன் இத்தனை அவசரம் என்று நீங்கள் வினவக்கூடும். அதுவே செய்தி.

கலோலைனேவுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. மாப்பிள்ளையின் பெயர் உவாய்செலே. வவாஊ தீவைச் சேர்ந்தவர். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சினைக் கவனிக்கும் பணி. அதிகம் பேசாதவர், நன்றாக உண்பவர். செப்டம்பரில் ஆலயத்தில் திருமணமும் நம் முற்றத்தில் விருந்தும் நடைபெறும்.

அதைப் பற்றிப் பேச, சென்ற ஞாயிறு உணவுக்குப்பின் உறவினர்கள் நம் ஈரப்பலா மரத்தடியில் கூடினார்கள். போதகர் வந்திருந்தார். ஊர் அதிகாரி பௌலியாசி வந்திருந்தார். உங்கள் பெரியப்பா மகள் லவீனியா அக்கா, அழைக்கும் முன்பே வந்து நல்ல நிழலாகப் பார்த்து அமர்ந்துவிட்டார். அக்காவுக்கு எதிரே அமர்வது தம்பிக்கு முறையாகாது என்பதால், உங்கள் அண்ணன் மரத்தின் மறுபுறம் போய் உட்கார்ந்து, முகம் காட்டாமல் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்றிகள், பந்தல், பாடகர் குழு எல்லாம் பேசி முடிந்தன. பிறகு லவீனியா அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “அத்தை இடத்துல யாரு உக்காரப் போறா? நான் வாயத் தொறந்து கேக்கலைன்னா நீங்க யாரும் கேக்க மாட்டீங்க. சரி, நானே உக்காருறேன். பெரியப்பா மகளும் அத்தைதான். மெலியமேகிட்ட கல்யாணத் துணிய மட்டும் தெச்சு அனுப்பச் சொல்லுங்க. தங்கமான கை. அது போதும்.”

அனைவரும் தலையசைத்தார்கள். நான் எதிர்த்துப் பேச வாயெடுக்கும் முன், மரத்தின் பின்னாலிருந்து உங்கள் அண்ணனின் குரல் வந்தது: “என் கூடப் பொறந்த தங்கச்சி உசுரோட இருக்கா. அது அவ எடம்.”

பௌலியாசிதான் முதலில் வாய் திறந்தார். “சதேக்கி, நான் ஊர் அதிகாரி, சொல்லித்தான் ஆகணும். அந்த மாதிரி ஆளுங்களப் பத்தின விதி சட்டப் புத்தகத்துல இன்னும் இருக்குப்பா.”

அதற்கு லவீனியா அக்காவே அவர் மீது பாய்ந்தார்: “ஞாயித்துக்கெழம மீன் புடிக்கக் கூடாதுன்னுகூடத்தான் சட்டம் இருக்கு. உன் வலை ஏண்டா காலைலயே ஈரமாக் கெடந்துச்சு? அவ உக்காரக் கூடாதுன்னு நான் சொல்றேன், எனக்கு எடம் வேணும். அதுக்கு எதுக்குச் சட்டத்த இழுக்குற?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆயினும் அந்த விதியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது என்பதை நான் அறிவேன். அதனால் நம் ஊரில் யாரும் சிறை சென்றதாகக் கேள்விப்பட்டதில்லை. கதவுக்குப் பின்னால் கட்டிப்போட்ட நாய் அது. கடித்ததில்லை என்றாலும், உள்ளே வருகிறவர் வாசலில் தயங்கவே செய்வார். அதை நீக்கவேண்டுமென்று தலைநகரில் உங்களைப் போன்றோர் கூடிப் பேசுகிறார்கள். அச்செய்தி வானொலியில் வந்தபோது உங்கள் அண்ணன் அதை அணைக்கவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

போதகரின் நிலை வேறு. “ஆலயத்துக்குள்ள எம்பேச்சு. பந்தலுக்குள்ள உங்க குடும்பத்துப் பேச்சு. தடுக்க மாட்டேன். ஆனா எனக்குச் சம்மதமான்னு மட்டும் யாரும் கேக்காதீங்க,” என்றார். அதே போதகர் பதவியேற்ற நாளில் ஆலயத்தைப் பூவால் அலங்கரித்தவர்கள் யார்? பாடகர் குழுவின் உடைகளைத் தைத்தவர்கள் யார்? துக்க வீடுகளில் எல்லாருக்கும் முன்னதாக வந்து அண்டாவைக் கிளறுகிறவர்கள் யார்? ஆணாய்ப் பிறந்து உங்களைப் போல் பெண்ணாக வாழும் நம் ஊர் லெய்டிகள் அனைவரும்தான். ஊருக்கு அவர்களின் கை வேண்டும், நடனம் வேண்டும், வேடிக்கைப் பேச்சும் வேண்டும். வரிசையில் அவர்களுக்கு ஓர் இடம் என்று வரும்போது மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேதாகமம் நினைவுக்கு வருகிறது. இதை நான் அவையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகவே சொல்லியிருப்பேன்.

இறுதியில் கலோலைனே எழுந்து, “மெலியமே அத்தை வரலைன்னா அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்,” என்றாள். லவீனியா அக்கா விடவில்லை. “காலியாக் கெடந்தா நான் போயி உக்காந்துருவேன். அப்புறம் யாரும் என்னை எந்திரிக்கச் சொல்லக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இத்திருமணத்தில் மணமகளின் அத்தையாக அமர்கிறவரே, நாளை அவள் குழந்தையின் முதற்பிறந்தநாளிலும் அமர்வார். எங்களைப் புதைக்கும் நாளிலும் தலைமாட்டில் அமர்வார். ஒருமுறை ஊர் பார்த்துவிட்டால் அதுவே நிலைத்துவிடும். ஆகவே, அண்ணன் மகளின் திருமணத்திற்கு வந்து, உங்களுக்குரிய முதலிடத்தில் அமர்ந்து, முதற்பாயையும் முதற்படையலையும் ஏற்றுக்கொள்ளுமாறு இக்குடும்பத்தின் பெயரால் உங்களை முறைப்படி அழைக்கிறேன்.

இறைவன் உங்கள் கைகளையும் கண்களையும் காப்பாராக.

உங்கள் விடையை எதிர்பார்த்திருக்கும்,
தெலேசியா

*

தொங்கத்தாபு, கிழக்குக் கரை
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய நாத்தனார் மெலியமே அவர்களுக்கு,

உங்கள் மடல் வந்து சேர்ந்தது. எண்ணெய் உடையாமல் வந்ததென்று அறிந்து மகிழ்ந்தேன். மற்ற வரிகளைப் படித்து நான் மகிழவில்லை என்பதை மறைப்பது மரியாதையாகாது.

திருமண உடையைத் தைத்து அனுப்புகிறேன், அளவை மட்டும் அனுப்புங்கள், என்னை வரச் சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் காட்டிய காரணத்தை நான் பலமுறை படித்தேன். மாமியார் இறந்தபோது நீங்கள் வந்தீர்கள். நீங்கள் பெண்ணுடையில் இவ்வீட்டு வாசலை மிதித்தது அதுவே முதல்முறை. துக்கம் முடியும்வரை, நீங்கள் எந்த அறைக்குள் நுழைந்தாலும் உங்கள் அண்ணன் எழுந்து வெளியே போனார். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. நீங்கள் நகரத்து விடுதியிலேயே தங்கி, அடக்கம் முடிந்த மறுநாளே விமானம் ஏறினீர்கள். “அண்ணனின் வெறுப்பு எனக்குப் பழகிவிட்டது, அண்ணி. ஆனால் ஊர் முழுவதும் பார்த்திருக்க, முதலிடத்தில் நான் அமர்ந்ததும் அவர் இன்னொரு முறை எழுந்து போவதைக் காணும் வலிமை எனக்கில்லை,” என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை நான் அவரிடம் வாசித்துக் காட்டினேன். உங்கள் அனுமதியைப் பெறவில்லை, பொறுத்தருள வேண்டும். அவர் அப்போது பன்றிகளுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். துருவுவதை நிறுத்திவிட்டார்.

“நான் எந்திரிச்சுப் போனது அவளுக்குப் புரியலையா?” என்றார். “லவீனியாக்கா வந்தா எந்திரிச்சுப் போறேன். அவகூட எனக்கு என்ன சண்டையா? தங்கச்சி உள்ள வந்தா அண்ணன் வெளிய போறதுதானே முறை? பின்ன என்ன, அவ முன்னாடி காலை நீட்டிப் படுத்துக்கிட்டுக் கத பேசவா?”

அவர் பேசும்போது குறுக்கிட்டால் அடுத்த பேச்சுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

“சின்ன வயசுல பசங்க படுக்குற குடிசையில ஒரே போர்வைக்குள்ள கெடந்தோம். வாய்க்கு வந்தபடி திட்டிக்குவோம். அவ நடக்குற நடைய நானும்தான் கேலி பண்ணுனேன். அப்ப தம்பின்னு நெனப்பு. அம்மா செத்த அன்னிக்கு வாசல்ல வந்து நின்னா பாரு, கறுப்புத் துணி கட்டிக்கிட்டு. அச்சு அசல் அம்மா. என் காலு தானா எந்திரிச்சிருச்சு தெலேசியா. நான் யோசிக்கவே இல்ல.”

பிறகு இதையும் சொன்னார்: “தம்பின்னா நானே ஆக்லாந்துக்குப் போயி, ‘வாடா, மூஞ்சியத் தூக்காத’ன்னு கழுத்தப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். தங்கச்சியப் போயி எப்படி இழுக்குறது? அவகிட்ட நான் என்னத்தப் பேசுறது? நீ எழுது. உனக்குத்தான் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரியுமே.”

நாத்தனாரே, இத்தனை ஆண்டுகளாக அவர் உங்களுக்கு ஒரு வரியும் எழுதாததற்கு விளக்கம் இதைவிடத் தெளிவாக எந்த அகராதியிலும் கிடையாது. ஓர் அண்ணன் தன் தங்கைக்குத் தருவதையெல்லாம் உங்களுக்குத் தந்துவிட்டார். அதில் நேர்ப்பேச்சு மட்டும் சேராது. அந்த முறை நீங்களும் அறிந்ததே. ஆனால் அதை ஒருவர் உங்களுக்குத் தருவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. நம் ஊர் எதிர்பார்க்கும்படியாகவும் உங்களை வளர்க்கவில்லை. ஆகவே குற்றம் உங்களுடையதன்று.

இன்னும் ஐயம் இருப்பின் இதை எண்ணிப் பாருங்கள். உங்கள் அண்ணன் தாம் வெறுப்பவரைக் கண்டு எழுந்து போகும் இயல்புடையவரா? வேலியைத் தாண்டிய பன்றிக்காக மேலத்தோட்டத்துக்காரரோடு மதிய உணவையும் மறந்து, அசையாமல் அமர்ந்து சண்டையிட்டவர் அவர். பிடிக்காதவரிடம் அவர் ஒட்டிக்கொண்டு நிற்பார். விலகி நிற்பது மதிப்புக்குரியவர்களிடம் மட்டுமே. இதை அவரோடு வாழும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியாமலிருக்காது.

துக்க வீட்டில் நடந்த இன்னொன்றையும் நீங்கள் அறியமாட்டீர்கள். ஆண்கள் வெளியே வட்டமாக அமர்ந்து கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் உள்ளே பெண்களோடு பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். வட்டத்தில் ஒருவன் லெய்டிகளைப் பற்றி அருவருப்பான ஒரு வேடிக்கையைத் தொடங்கினான். உங்கள் அண்ணன் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, “வாய மூடு. என் தங்கச்சி உள்ள இருக்கா,” என்றார். ஒருவனுடைய தங்கையின் காதுபட அத்தகைய பேச்சு பேசப்படுவதில்லை என்பதால் அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து போனான். சன்னலோரம் நின்ற நான் அதைக் கேட்டேன். நீங்கள் கேட்டிருந்தால் அடுத்த நாளே விமானம் ஏறியிருக்கமாட்டீர்கள்.

இங்கே அனைத்தும் சீராகிவிட்டதென்று நான் பொய் எழுதப்போவதில்லை. சிலர் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர்களும் உண்டு, கண்ணால் சிரிப்பவர்களும் உண்டு. போதகர் விருந்தில் நன்றி செபம் சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடுவார் என்று நினைக்கிறேன். அத்தையாக அமரப்போவது யார் என்று மாப்பிள்ளையின் தாயாருக்குச் சொல்லியனுப்பினோம். “சரி” என்று ஒரே சொல்லில் விடை வந்தது. அது எத்தகைய சரி என்று எனக்கு விளங்கவில்லை. லவீனியா அக்கா வாரந்தோறும் வந்து விசாரிக்கிறார். “வர்றாளா இல்லையான்னு ஒரு முடிவச் சொல்லு. வரலைன்னா நான் புதுச் சட்டைக்குத் துணி எடுக்கணும்,” என்கிறார். நேற்று போகும்போது மட்டும் வாசலில் நின்று, “வந்தான்னா எனக்குக் கழுத்துகிட்ட கொஞ்சம் தளத்தி ஒரு சட்ட தெச்சுத் தரச் சொல்லு. அளவு அவளுக்குத் தெரியும்,” என்றார். இதைச் சமாதானம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் பந்தலில் அமர்ந்ததும் உங்கள் அண்ணன் எழுந்து வெளியே போவார். இதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அடுப்பங்கரைப் பக்கம் போய், ஆண்களோடு நின்று பன்றி சுடுவார். ஊர் முழுவதும் அதைப் பார்க்கும். பார்த்து, தங்கை வந்துவிட்டாள், அதனால் அண்ணன் விலகினான் என்று புரிந்துகொள்ளும். அதைவிட உரக்க எந்த அறிவிப்பும் இத்தீவில் செய்ய முடியாது. நீங்கள் இம்முறை தலைகுனியாமல் இருந்தால் போதும். விசேஷங்களுக்கு மாமியார் இடையில் சுற்றிக்கட்டிய இடுப்புப் பாயை வெயிலில் உலர்த்தி, மடித்து, உங்களுக்காக எடுத்துவைத்திருக்கிறேன். விடுதியில் தங்க வேண்டாம். முன்னறை உங்களுக்கு. புதிய திரை தைத்துவிட்டேன். தையல் உங்கள் தரத்துக்கு இராது, குறை சொல்லாதீர்கள்.

மடலை முடிக்கும் முன் ஒரு குடும்பச் செய்தி. இன்று பிற்பகல் உங்கள் அண்ணன் தம் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு கடற்கரையிலுள்ள படகுக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டார். நீங்கள் வருவீர்களா என்பதே தெரியாதபோது இப்போதே எதற்கு என்று கேட்டேன். “அண்ணன் படுத்துக் கெடக்குற வீட்டுல தங்கச்சி எப்படி வந்து எறங்குவா? வீடு காலியா இருந்தாத்தானே வருவா?” என்றார். திருமணத்திற்கு இன்னும் வாரங்கள் கிடக்கின்றனவே என்றேன். கொசுவலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தங்கை வராவிட்டால் எப்போது வீடு திரும்புவீர்கள் என்றும் கேட்டேன். விளக்கைக் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அவர் இளைஞரல்லர். முதுகு வலிக்காரர். கொட்டகைக்குக் கடல் பக்கம் சுவரே கிடையாது, காற்று நேராக அடிக்கிறது. நான் அழைத்தால் வரமாட்டார். போதகர் அழைத்தாலும் வரமாட்டார்.

ஆகவே, நாத்தனாரே, காலந்தாழ்த்தாது வந்து சேருங்கள். உங்களைச் சுமந்துவரும் விமானத்தை இறைவன் தம் உள்ளங்கையில் ஏந்திவருவாராக.

உங்கள் வீட்டைப் பெருக்கி, கதவைத் திறந்துவைத்திருக்கும்,
உங்கள் அண்ணி
தெலேசியா